மூன்று நடுவர் முறை: யார் எங்கே பார்க்க வேண்டும்?

இரண்டு பேராக நின்று கூடைப்பந்து ஆட்டம் நடத்திப் பழகியவர்கள் மூன்று பேர் முறைக்கு வந்ததும், பெரும்பாலும் மூன்று பேருமே பந்தைத்தான் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் பந்து இல்லாத பக்கத்தில் ஸ்க்ரீன் போடுகிறவன் (சக வீரனுக்காகத் தடுப்பாளனின் வழியை மறித்து நிற்பவன்) இடுப்பால் ஒரு இடி கொடுத்தால் யாருக்கும் தெரியாது. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ 1988-89 பருவத்திலிருந்து நிரந்தரமாக மூன்று நடுவர்களுக்கு மாறிவிட்டது. மூன்றாவது ஆள் இருப்பதன் பெரிய லாபமே பந்து இல்லாத இடத்திலும் ஒரு ஜோடிக் கண் இருப்பதுதான், அதை வீணாக்கக் கூடாது.

முதலில் நிற்கும் இடம். லீட், டிரெயில், சென்டர் என்பவை மூன்று நடுவர்களின் பெயர்கள். லீட் பேஸ்லைனுக்கு (கூடைக்குப் பின்னாலுள்ள கடைக்கோடு) வெளியே நிற்பார். டிரெயில் அதே பக்கம் சைடுலைனை ஒட்டி, மூன்று புள்ளிக் கோட்டுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில். சென்டர் எதிர்ப்பக்கம், ஃப்ரீ த்ரோ கோட்டை நீட்டினால் சைடுலைனைத் தொடும் இடத்தில். லீடும் டிரெயிலும் இருப்பது ஸ்ட்ராங் சைடு, சென்டர் தனியாக இருப்பது வீக் சைடு. பெயிண்டை (கூடைக்கு முன்னாலுள்ள செவ்வகம்) நடுவில் பிளந்துகொள்ளுங்கள்: லீட் பக்கத்துப் பாதி லீடுக்கு, மறு பாதி சென்டருக்கு. மூன்று புள்ளி ஷாட்டை அந்தந்தப் பக்கத்து டிரெயிலோ சென்டரோ பார்ப்பார். கோல்டெண்டிங்கும் (கூடையை நோக்கி இறங்கும் பந்தைத் தொடுவது) அவர்கள் இருவருடையது, வளையத்துக்குக் கீழே நிற்கும் லீட் மேலே அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை.

சரி, பந்து சென்டர் பக்கம் போனால்? அங்கேதான் ரொட்டேஷன், அதாவது நடுவர்கள் இடம் மாறுவது. அதைத் தொடங்குவது லீட் மட்டுமே. பந்து நடுவைத் தாண்டி அந்தப் பக்கம் நிலைக்கிறது என்று தெரிந்ததும் பேக்போர்டின் ஓரம்வரை நெருங்கி வாருங்கள், ஒரு நொடி ஆட்டத்தைப் படியுங்கள், அப்புறம் பேஸ்லைன் ஓரமாக நிற்காமல் கடந்துவிடுங்கள். லீட் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்த சென்டர் மேலே ஏறி டிரெயிலாகிறார், பழைய டிரெயில் கீழே இறங்கிச் சென்டராகிறார். கடக்கும்போதும் கண் பெயிண்டுக்குள்ளேயே இருக்கட்டும். ஷாட் கிளம்பிவிட்டாலோ யாராவது கூடையை நோக்கி ட்ரைவ் ஆரம்பித்துவிட்டாலோ போகாதீர்கள், இருந்த இடத்திலிருந்தே பாருங்கள். சோம்பலில் ரொட்டேட் செய்யாத லீட்தான் என் கணக்கில் இந்த முறைக்கே எதிரி, ஏனென்றால் அவர் நகராதவரை சென்டர் ஒற்றை ஆளாக அந்தப் பக்கம் முழுவதையும் சுமக்கிறார்.

ட்ரைவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். சென்டர் பக்கத்து விங்கிலிருந்து (ஆடுகளத்தின் பக்கவாட்டுப் பகுதி) கார்டு (பந்தைக் கொண்டுவரும் வீரன்) தன்னைத் தடுப்பவனைத் தாண்டி உள்ளே பாய்கிறான். தாண்டப்பட்டவன் பின்னாலிருந்து முன்கையை அவன் இடுப்பில் வைத்து இழுக்கிறான். ரிங்கை நெருங்கும்போது லீட் பக்கத்து பிளாக்கிலிருந்து (கூடைக்கு அருகே பெயிண்டின் ஓரம்) உயரமான ஒருவன் நகர்ந்து வந்து குறுக்கே நிற்கிறான். இதில் கார்டும் அவனுடைய முதல் தடுப்பாளனும் கடைசிவரை சென்டருடையவர்கள், பெயிண்டுக்குள் போய்விட்டான் என்று விட்டுவிடக் கூடாது. உதவிக்கு வந்த அந்த இரண்டாவது ஆள் லீடுடையவன்: மோதலுக்கு முன்பே இடம் பிடித்தானா, உடம்பு நேராக இருந்ததா என்பதை அவன் கிளம்பிய கணத்திலிருந்து பார்த்தவர் லீட்தானே. டிரெயில் இரண்டடி உள்ளே வந்து ரீபவுண்டுக்குப் போகிறவர்களைப் பார்க்கட்டும். ஷாட் போனதும் திரும்பி ஓடுகிற டிரெயில்கள் விடுகிற ஃபவுல்கள் ஏராளம்.

பந்து கைமாறி ஆட்டம் எதிர்த்திசையில் ஓடும்போது குழப்பமே இல்லை. டிரெயில் புதிய லீட், லீட் புதிய டிரெயில், சென்டர் சென்டராகவே இருப்பார்.

இரண்டு விசில் ஒன்றாக ஒலித்தால் கையை உயர்த்தியபடி நில்லுங்கள், ஃபவுல் வகையைக் காட்டும் சைகைக்கு உடனே போகாதீர்கள். ஒருவர் பிளாக் (தடுப்பவன் தவறு) என்றும் இன்னொருவர் சார்ஜ் (பந்தோடு வந்தவன் தவறு) என்றும் காட்டிவிட்டால் ஆடுகளமே பற்றி எரியும். கண்ணால் பேசி, யாருடைய பகுதியோ அவருக்கு விடுங்கள். கால் பகுதியின் கடைசி ஷாட்டுக்கு நேரம் பார்ப்பது யார், ஃபுல் கோர்ட் பிரஸ் (ஆடுகளம் முழுவதும் நெருக்கித் தடுப்பது) வந்தால் சென்டர் எவ்வளவு தூரம் பின்தங்கி டிரெயிலுக்கு உதவுவார் என்பதையெல்லாம் ஆட்டத்துக்கு முன்பே அறையில் மூவரும் பேசி முடித்துவிடுங்கள்.