உயரழுத்த மின்பாதையில் அரிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூத்துக்குடி உப்பளங்கள் போன்ற கடலோரப் பகுதியில் டவர் சிவந்து தெரிந்தால் உடனே பெயிண்ட் அடிக்க ஏற்பாடு நடக்கும். நல்லதுதான். ஆனால் லைனை அறுத்துக் கீழே போடக்கூடிய அரிப்பு பெரும்பாலும் கண்டக்டருக்குள்ளும் (மின்சாரம் பாயும் கம்பி), டவர் கால் மண்ணைத் தொடும் இடத்திலும், கம்பிகளை இணைக்கும் ஜாயிண்டிலும் ஒளிந்திருக்கிறது. தரையில் நின்று பைனாகுலரில் பார்த்து ‘லைன் நன்று’ என்று எழுதிவிடுவதே முதல் தவறு.

ஏ.சி.எஸ்.ஆர். கண்டக்டரின் நடுவில் துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பிகள். சுற்றிலும் அலுமினியக் கம்பிகள். உப்பு ஈரம் உள்ளே இறங்கினால் முதலில் கரைவது துத்தநாகம். அது இருக்கும்வரை மற்ற இரண்டும் ஓரளவு தப்பும். தீர்ந்து எஃகு வெளிப்பட்டதும், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் உள்வரிசை அலுமினியம் வேகமாக அரிபடத் தொடங்குகிறது. வெள்ளைப் பொடி திரண்டு கண்டக்டர் ஆங்காங்கே வீங்கும். அந்த வீக்கம் கண்ணில் படும்போது உள்வரிசை ஏற்கெனவே பலமிழந்திருக்கும். ஆகவே மிச்சமிருக்கும் துத்தநாகத்தைச் சுழல் மின்னோட்ட முறையில் அறியும் கருவியை லைன்மேல் ஓட்டிப் பார்க்க வேண்டும். இல்லையேல் ஒரு துண்டை வெட்டி எடுத்துப் பிரித்தாவது பார்க்க வேண்டும்.

கண்டக்டரை மாற்றும்போது பழக்கத்தால் அதே வகையை, அதுவும் ஈரம் புகாமல் தடுக்க உள்ளே இடும் கிரீஸ் சீராக நிரம்பாததை வாங்குவது பணத்தைக் கடலில் போடுவது. கிரீஸ் விடுபட்ட இடத்தில்தான் அரிப்பு கூடு கட்டும். எஃகே இல்லாமல் முழுக்க அலுமினியக் கலவைக் கம்பிகளால் ஆன ஏ.ஏ.ஏ.சி. கண்டக்டர் கடலோரத்துக்குப் பொருத்தமானது. தொய்வும் இழுவிசையும் மாறும் என்பதால் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.

மழையைப் பலர் எதிரியாக நினைக்கிறார்கள். பெருமழை உப்பைக் கழுவிவிடும். மழையில்லாத மாதங்களில் படியும் உப்பும் விடியற்காலைப் பனியும் சேரும்போதுதான் ஆபத்து. மழை படாத அடிப்பக்கங்களைப் பார்க்காத ஆய்வு அரைகுறை ஆய்வு.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது டவரின் கால். கான்கிரீட்டின் மேற்பகுதி சரிவாக இல்லாமல் நீர் தேங்கினாலோ, வயலை ஒட்டிய டவரில் மண்ணும் எருவும் காலைச் சுற்றிக் குவிந்தாலோ, இரும்பு கான்கிரீட்டுக்குள் நுழையும் விளிம்பிலேயே தேய்ந்துபோகும். மேலே எவ்வளவு பளபளத்தாலும் பயனில்லை. தோண்டித்தான் பார்க்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும். நான்கையும் ஒன்றாகத் திறந்து போடுவது உயிரோடு விளையாடுவது. துருவைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே பெயிண்ட் பூசுவதும் வீண். துரு அடியில் வளர்ந்துகொண்டே இருக்கும்.

ஜாயிண்டில் அலுமினியத்தைத் தேய்த்துவிட்டு அப்படியே வைத்திருக்கக் கூடாது. சில நொடிகளிலேயே ஆக்சைடு படலம் உருவாகிவிடும். தேய்த்த கையோடு கிரீஸ் போட்டு இறுக்க வேண்டும். சப்ஸ்டேஷன் பக்கம் செம்பை அலுமினியத்தோடு நேராக இணைக்காமல், இரு உலோகங்களையும் இணைப்பதற்கென்றே செய்த பைமெட்டாலிக் கிளாம்ப் போடவும். செம்பு மேலேயும் அலுமினியம் கீழேயும் இருந்தால், செம்பில் பட்டு வழியும் மழைநீரே அலுமினியத்தைக் குழிகுழியாக அரிக்கும்.

ஜாயிண்டின் சூட்டைக் காட்டும் தெர்மோவிஷன் படம் எடுக்கும்போது லோடைக் (லைனில் பாயும் மின்னோட்ட அளவை) கவனியுங்கள். ஜாயிண்டில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். பாதி லோடில் அது கால் பங்குதான். லோடு குறைந்த நேரத்தில் எடுத்த படத்தை நம்பி, கெட்ட ஜாயிண்டை நல்லது என்று விட்டுவிடாதீர்கள்.