ரத்தசோகையும் வயிற்றுக் கோளாறும் பித்தப்பைக் கல்லும் சேர்ந்து வந்தால்: இரும்புச்சத்தை ஏற்றும் முறை

நெஞ்செரிச்சலுக்கு ஒரு மாத்திரை, மேல்வயிற்று வலிக்கு ஒன்று, ரத்தசோகைக்கு ஒன்று. காலைச் சாப்பாடு முடிந்ததும் மூன்றையும் சேர்த்து விழுங்கிவிட்டு டீ குடிப்பவர்கள் நிறைய பேர். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் இருந்த இடத்திலேயே இருக்கும். இரும்பு மாத்திரை தனக்குப் பிடிக்கவில்லை என்று நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலும் அந்த மாத்திரையின் மேல் தப்பே இருக்காது. அமிலத்தைக் குறைக்கும் மருந்து இரும்பைக் கரையவிடாமல் செய்திருக்கும். வலி மருந்து இரைப்பையைப் புண்ணாக்கி ரத்தத்தைக் கசியவிட்டிருக்கும். மிச்சம் இருந்ததை டீ பிடித்துவைத்திருக்கும். இந்த மூன்று நோய்களின் வைத்தியமும் ஒன்றோடொன்று மோதும். மோதாதபடி பிரித்து வைப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

இது இரும்புக் குறைபாடுதானா?

ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. அது இரும்புக் குறைவால் வந்ததா என்று சொல்வது ஃபெரிட்டின் பரிசோதனை. உடம்பின் இரும்புக் கையிருப்பை அது காட்டும். அது 15க்குக் கீழே (ng/mL) இருந்தால் கையிருப்பு காலி என்று உறுதி. 30க்குக் கீழே என்றாலே குறைபாடு என்றுதான் பெரும்பாலான மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

பித்தப்பைக்காரர்கள் ஏமாறும் இடம் இதுதான். உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ஃபெரிட்டின் தானாகவே ஏறும். பித்தப்பை வீங்கி, காய்ச்சலோடு படுத்திருக்கும்போது எடுத்த ஃபெரிட்டின் 80 என்று வந்தால் இரும்பு போதுமென்று அர்த்தமில்லை. அழற்சி இருக்கும்போது 100 வரைக்கும் குறைபாடு ஒளிந்திருக்கலாம். ஆகவே அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யையும், ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லும் டிரான்ஸ்ஃபெரின் செறிவையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள். செறிவு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இரும்பு போதவில்லை என்ற சந்தேகம் வலுக்கும். அவசரமில்லை என்றால் வலியும் காய்ச்சலும் முழுதாக அடங்கிய சில வாரங்கள் கழித்து மறுபடி எடுப்பது நல்லது.

இன்னொன்றையும் கட்டாயம் கேளுங்கள். சின்ன வயதிலேயே பித்தப்பைக் கல், கூடவே ரத்தசோகை, கண்ணில் லேசான மஞ்சள், குடும்பத்தில் வேறு யாருக்கோ அதே மாதிரி. இப்படி இருந்தால் சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைகிற நோயாக இருக்கலாம். தலசீமியா, பரம்பரை ஸ்பீரோசைட்டோசிஸ், அரிவாள் செல் நோய் ஆகியவற்றில் உடைந்த அணுக்களிலிருந்து வரும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி சேர்ந்துதான் கருநிறக் கற்கள் உண்டாகின்றன. தலசீமியாவில் அணுக்கள் இரும்புக் குறைபாட்டில் போலவே சிறுத்து இருக்கும். ஆனால் இரும்பு குறைவாக இருக்காது. பல நேரம் கூடுதலாகவே இருக்கும். ஃபெரிட்டின் பார்க்காமல் மாதக்கணக்கில் இரும்பு கொடுத்தால் அது கல்லீரலிலும் இதயத்திலும் போய்ப் படியும். ரெட்டிகுலோசைட், பிலிருபின், எல்.டி.எச்., ஹீமோகுளோபின் எலக்ட்ரோபோரெசிஸ் ஆகிய ரத்தப் பரிசோதனைகள் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும்.

ரத்தம் எங்கே போகிறது?

ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நல்ல நிலையில் குடல் ஒரு நாளில் உறிஞ்சுவது 1 முதல் 2 மில்லிகிராம்தான். இரைப்பைப் புண்ணிலிருந்து தினமும் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி ரத்தம் கசிந்தால் போகிற இரும்பு இரண்டரை மில்லிகிராம். மலத்தில் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. வரவைவிடச் செலவு அதிகம், அவ்வளவுதான். காரணத்தைத் தேடாமல் மாத்திரை மட்டும் போடுவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுகிற கதை.

பித்தப்பை இரும்பை உறிஞ்சுவதில்லை. கல் இருப்பதால் மட்டும் இரும்பு குறையாது. இரும்பு ஏறும் இடம் இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடல். ஆகவே பித்தப்பைக் கல்லும் சோகையும் ஒன்றாக இருந்தால், சோகைக்கு வேறொரு காரணம் பக்கத்தில் இருக்கிறது என்று தேடத் தொடங்குங்கள். ஸ்கேனில் கல் தெரிந்ததும் தேடலை நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. கல் எந்தத் தொல்லையும் தராமல் சும்மா கிடக்கலாம். வலியும் ரத்தக் கசிவும் புண்ணிலிருந்து வந்துகொண்டிருக்கலாம்.

வலியைக் கவனித்தால் ஓரளவு புரியும். கல்லால் வரும் வலி வலது மேல்வயிற்றிலோ நடு மார்புக்குக் கீழேயோ திடீரென்று ஏறும். அரை மணி நேரத்திலிருந்து சில மணி நேரம் வரை ஒரே சீராகப் பிடித்திருக்கும், வலது தோள்பட்டைக்கோ முதுகுக்கோ பரவும், பிறகு முழுதாக விட்டுவிடும். அமில மாத்திரைக்கு மசியாது. புண்ணின் வலி எரிச்சலாக, பல நாட்கள் வந்து வந்து போகும். அமில மாத்திரைக்கு ஓரளவு அடங்கும்.

தேட வேண்டியவை: வலி மருந்துகளால் வரும் புண், இரைப்பையில் தங்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி, சீலியாக் நோய் (கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாமல் சிறுகுடல் பழுதாவது), இரைப்பைச் சுவர் மெலிதல், குடல் அழற்சி நோய்கள், கொக்கிப்புழு, மூலம், பெண்களுக்கு மிகுதியான மாதவிடாய். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புக் குறைபாடு வந்தால் மேலே எண்டோஸ்கோப்பி, கீழே கொலோனோஸ்கோப்பி இரண்டையும் பற்றி மருத்துவரிடம் பேசியே ஆகவேண்டும். பெருங்குடல் புற்றுநோயின் முதல் அடையாளமே சோகையாக இருக்கக்கூடும். மூலம் இருக்கிறது என்பதற்காக இதை விட்டுவிடாதீர்கள்.

பரிசோதனைக்கு முன் செய்யக்கூடாதவை இரண்டு. பைலோரிக்கு மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்வதற்கு 2 வாரம் முன்பே ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மருந்துகளையும், 4 வாரம் முன்பே ஆன்டிபயாடிக்கையும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லையென்று காட்டும். எதையும் நிறுத்தும் முன் மருந்து எழுதிக்கொடுத்தவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சீலியாக் ரத்தப் பரிசோதனைக்கு முன் கோதுமையைக் கைவிடாதீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் அது பிடிபடும்.

எந்த மாத்திரை, எவ்வளவு, எப்போது

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். "ஃபெரஸ் சல்ஃபேட் 325 மி.கி." என்று பெரிதாகப் போட்டிருப்பது உப்பின் எடை. அதில் உடம்புக்குக் கிடைக்கக்கூடிய இரும்பு 65 மி.கி.தான். ஃபெரஸ் குளுக்கோனேட் 300 மி.கி.யில் 35 மி.கி. அளவுக்கே இருக்கும். "தனிம இரும்பு" என்று சின்ன எழுத்தில் இருக்கும் எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 40 முதல் 100 மி.கி. வரை, நாளைக்கு ஒரே ஒரு வேளை போதும்.

மூன்று வேளை போட்டால் மூன்று மடங்கு ஏறும் என்று நினைப்பது இயல்பு. உடம்பு அப்படி வேலை செய்வதில்லை. ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. அது ஏறக்குறைய ஒரு நாள் வரை குடலின் கதவைச் சாத்திவைக்கும். இரண்டாவது, மூன்றாவது வேளை இரும்பில் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய் மலச்சிக்கலையும் உப்புசத்தையும்தான் கொடுக்கும். வயிறு ஏற்கெனவே தொல்லை கொடுக்கிறவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மாத்திரை என்று எடுப்பது நல்ல வழி. காய்ச்சலோ பித்தப்பை அழற்சியோ இருக்கும் நாட்களிலும் ஹெப்சிடின் உயர்ந்தே இருப்பதால், அந்தச் சில நாட்கள் இரும்பு மாத்திரையை நிறுத்திவைப்பதில் நஷ்டமில்லை.

வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாக்கும். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் தூங்கப்போகும் நேரத்தில் இதைப் போடவே கூடாது. டீ, காபிக்கும் இரும்புக்கும் இடையில் 2 மணி நேரம் விடுங்கள். கால்சியம், அமிலத்தை முறிக்கும் சிரப், பால் ஆகியவற்றுக்கும் அதே இடைவெளி. தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேரம்.

எல்லாம் சேர்ந்து இருப்பவருக்கு ஒரு நாள் எப்படி ஓடும் என்று பாருங்கள். காலை 6 மணிக்குத் தைராய்டு மாத்திரை. 7.30க்கு ஒமெப்ரசோல். 8 மணிக்குச் சாப்பாடு, அதோடு டீ குடிப்பதானால் 8.30க்குள் முடித்துவிட வேண்டும். 11 மணிக்கு இரும்பு, தண்ணீருடன். 1 மணிக்கு மதியச் சாப்பாடு. மாலை டீ 4 மணிக்கு. கால்சியம் ராத்திரிச் சாப்பாட்டோடு. பெரும்பாலானவர்கள் இரும்பைக் காலையில் திணிக்கப் பார்க்கிறார்கள். பகல் 11 மணி என்பதுதான் வயிற்றிலும் அட்டவணையிலும் காலியாக இருக்கும் இடம்.

ஒமெப்ரசோல் வகையை நேரம் மாற்றிப் போட்டுத் தப்ப முடியாது, அதன் வேலை நாள் முழுக்க நீடிக்கும். அது உண்மையிலேயே இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். "கேஸ்" என்று தொடங்கி வருடக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தது உண்மையில் பித்தப்பை வலிக்காக இருந்திருக்கலாம். புண் ஆறாமல் இருந்தாலோ, ரத்தத்தை இளக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலோ அதை நீங்களாக நிறுத்தக்கூடாது.

வயிறு மறுத்தால்

குமட்டல் வந்தால் முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாளாக மாற்றுங்கள். அதுவும் ஆகவில்லை என்றால் குறைந்த தனிம இரும்புள்ள மாத்திரைக்கோ சிரப்புக்கோ போகலாம். சிரப்பைத் தண்ணீரில் கலந்து ஸ்ட்ராவில் குடியுங்கள், பல் கறுக்காது. கடைசி வழியாகச் சாப்பாட்டோடு எடுக்கலாம். உறிஞ்சுவது குறையும், ஆனாலும் போடாமல் விடுவதற்கு அது மேல். மெதுவாகக் கரையும், குடலில் போய்க் கரையும் வகை மாத்திரைகள் வயிற்றுக்கு இதமாகத் தெரியும். ஆனால் அவை இரும்பு ஏறும் இடத்தைத் தாண்டிய பிறகு கரைவதால் பலன் குறைவு.

மலம் கறுப்பது சகஜம். எந்தக் கறுப்பு என்று பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். இரும்பால் வரும் கறுப்பு கரும்பச்சை கலந்து, வழக்கமான உருவத்தோடு இருக்கும்; நாற்றம் மாறாது. உள்ளே ரத்தம் கசிந்து வரும் கறுப்பு தார் மாதிரி பளபளக்கும், பிசுபிசுவென்று ஒட்டும், தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாது, குடலைப் பிடுங்கும் நாற்றம் அடிக்கும். இரண்டாவது வகை என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பித்தப்பை வலிக்கு டைக்ளோபினாக், இபுப்ரோஃபென் வகை மருந்துகள் நன்றாகவே கேட்கும். சோகையும் புண்ணும் இருப்பவருக்கு அவையே ஆபத்து. உங்களுக்குச் சோகை இருப்பதை வலி மருந்து தருபவரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

சாப்பாடு

ஹீமோகுளோபின் 8ல் இருக்கும் 50 கிலோ எடையுள்ளவருக்குக் கையிருப்பு உட்பட மொத்தம் 1,300 மி.கி. அளவுக்கு இரும்பு தேவை. நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் ஏறும் சாப்பாட்டை மட்டும் நம்பினால் வருடங்கள் ஆகும். சாப்பாடு, ஏறியதைக் காப்பாற்றத்தான்.

கொழுப்பில்லாத இறைச்சி, மீன், கோழி ஆகியவற்றில் உள்ள இரும்பு எளிதில் ஏறும்; பித்தப்பைக்கும் பாரமில்லை. ஈரலில் இரும்பு அதிகம்தான், ஆனால் எண்ணெயில் வறுத்துச் சாப்பிட்டால் அன்று ராத்திரியே வலி பிடிக்கலாம். சைவர்கள் பருப்பு, பயறுகளை ஊறவைத்தோ முளைகட்டியோ சமைத்து, எலுமிச்சையோ கொய்யாவோ அதே வேளையில் சேர்த்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை நெஞ்செரிச்சலைக் கிளப்பினால் குடைமிளகாய், முட்டைக்கோஸ் போதும்.

கொழுப்புக்குப் பயந்து பட்டினி கிடக்காதீர்கள். சாப்பிடாமல் இருந்தால் பித்தப்பை சுருங்காது, பித்தம் தேங்கிக் கெட்டியாகும். வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் எடை குறைந்தால் புதுக் கற்கள் உருவாகும் வாய்ப்பு கூடும். கொழுப்பை ஒரே வேளையில் குவிக்காமல் சின்னச் சின்ன வேளைகளாகப் பிரித்துச் சாப்பிடுவதுதான் சரி.

அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும்

பித்தப்பையை எடுக்க நாள் குறித்திருந்தால் சோகையை முன்கூட்டியே சரிசெய்யச் சொல்லுங்கள். ஆறு வாரத்துக்கு மேல் இருந்தால் மாத்திரைக்கு நேரம் இருக்கிறது. அதைவிடக் குறைவென்றால் ரத்தக்குழாயில் ஊசி வழி ஏற்றும் இரும்பே பொருத்தம். மாத்திரை கொஞ்சமும் ஒத்துக்கொள்ளாதவர்கள், குடல் அழற்சி தீவிரமாக உள்ளவர்கள், இரைப்பை மாற்றுவழி (பைபாஸ்) அறுவை செய்தவர்கள், உள்ளே போவதைவிட அதிகமாக ரத்தம் இழப்பவர்கள் ஆகியோருக்கும் ஊசிதான். அதை அவசரச் சிகிச்சை வசதி உள்ள இடத்தில் மட்டுமே போட வேண்டும், முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். ஏறும்போது ஊசி குத்திய இடம் எரிந்தால் உடனே சொல்லுங்கள். மருந்து தோலுக்கடியில் கசிந்தால் பழுப்புக் கறை பல மாதம் போகாது. ஊசி போட்ட கையோடு ஃபெரிட்டின் எடுத்தால் பொய்யாக உயர்ந்து காட்டும், 4 முதல் 8 வாரம் பொறுங்கள்.

பித்தப்பை போன பிறகு இரும்பு ஏறுவது குறையாது. சிலருக்குப் பித்த அமிலத்தால் வயிற்றுப்போக்கு நீடிக்கும். அதற்குக் கொலெஸ்டிரமின் பொடி கொடுத்தால், இரும்பை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ 4 முதல் 6 மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். அந்தப் பொடி இரும்பையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும்.

எவ்வளவு நாள், எப்போது ஓட வேண்டும்

நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒன்றிரண்டு கிராம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரையைக் கூட்டாமல் காரணத்தைத் தேடுங்கள்: ஒழுங்காகப் போடுகிறீர்களா, டீ குறுக்கே வருகிறதா, ரத்தம் இன்னும் போகிறதா, சீலியாக்கோ பைலோரியோ விடுபட்டதா, பி12 குறைவும் கூட இருக்கிறதா. ஹீமோகுளோபின் சரியான பிறகும் 3 மாதம் தொடர்ந்தால்தான் கையிருப்பு நிறையும். நன்றாக இருக்கிறதே என்று அந்த நேரத்தில் நிறுத்தியவர்கள்தான் ஆறே மாதத்தில் திரும்பி வருகிறார்கள்.

காய்ச்சல் குளிரோடு மேல்வயிற்று வலி, கண் மஞ்சளாவது, 6 மணி நேரம் ஆகியும் விடாத வலி, ரத்த வாந்தி, தார் போன்ற மலம், நெஞ்சுவலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுவாங்குவது, மயக்கம். இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இரும்பு மாத்திரையைப் பூட்டி வையுங்கள். பெரியவர்களுக்கான மாத்திரையில் ஒரு கைப்பிடி, மிட்டாய் என்று நினைத்து விழுங்கும் குழந்தையின் உயிரையே பறித்துவிடும்.