டிரம்பெட்டின் துளையைவிட மவுத்பீஸை முதலில் மாற்றிப் பாருங்கள்

ஒலி இன்னும் கனமாக வேண்டும் என்றோ, ஊதக் கடினமாக இருக்கிறது என்றோ பெரிய துளை (குழலின் உள்விட்டம்) கொண்ட டிரம்பெட் வாங்கக் கிளம்பாதீர்கள். கையில் இருப்பதில் வேறு மவுத்பீஸை, அதாவது உதடு வைத்து ஊதும் முனையை, மாட்டி ஊதிப் பாருங்கள். செலவு மிகவும் குறைவு.

பரவலாக விற்கும் 'மீடியம் லார்ஜ்' துளை அளவு டிரம்பெட்டின் குழல் விட்டம் சுமார் 11.65 மி.மீ., அதைவிடப் பெரிய 'லார்ஜ்' சுமார் 11.73 மி.மீ. இரண்டுக்கும் இடையே 0.08 மி.மீ. மட்டுமே! காற்று முதலில் நுழையும் மவுத்பீஸின் தொண்டையோ (அதன் மிகக் குறுகிய பகுதி) பாக் நிறுவனத்தின் வழக்கமான மாடல்களில் 3.66 மி.மீ.தான், மூச்சுக்கு அதுவே பெரிய நெருக்கடி. உதடு படியும் குழிவான கிண்ணம் ஆழமானால் ஒலி இருண்டு தடிக்கும்; ஆழம் குறைந்தால் கூர்மையாகும், மேல்ஸ்தாயியும் ஓரளவு எளிதாகும். பாக் மாடல்களின் பெயரில் ஏ, பி, சி, டி என்று எழுத்து நகர நகர ஆழம் குறையும். பலர் தொடங்கும் 7சி மாடலிலிருந்து 3சி-க்கு மாறினால் கிண்ணம் சற்று அகலமாகும். உதடு பழக ஓரிரு வாரம் கொடுங்கள், முதல் நாளே முடிவு கட்ட வேண்டாம்.

வால்வு தேய்ந்து காற்று கசியும் கருவிக்கு இது உதவாது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். டிராம்போனுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. அங்கே சிறிய துளை 12.7 மி.மீ., பெரியது 13.9 மி.மீ. அந்த வேறுபாடு காதுக்கும் மூச்சுக்கும் நன்றாகவே தெரியும். மவுத்பீஸின் காம்பு (கருவிக்குள் செருகும் பகுதி) அளவுகூட மாறிவிடும்.