வலி மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு

போன வாரம் எங்கள் கடைக்குப் பயிற்சிக்கு வந்திருக்கும் பையன் ஒரு அம்மாவுக்கு மருந்து எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தான். முழங்கால் வலிக்கு டாக்டர் எழுதிய சீட்டு. அசிக்ளோஃபெனாக் காலையும் இரவும், பேன்டோபிரசோல் 40 காலையில் ஒன்று, பதினைந்து நாளைக்கு. அந்த அம்மா பர்ஸைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்த ரெண்டாவது மாத்திரை அவசியம் வேணுமா தம்பி?" என்று கேட்டார். பையன் நல்ல மனதோடுதான் பதில் சொன்னான்: "அது கேஸுக்கும்மா. வயிறு எரிஞ்சா வந்து வாங்கிக்கோங்க."

நான் உள்ளே ரேக்கில் ஸ்டாக் அடுக்கிக்கொண்டிருந்தேன். கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். அதே வார்த்தைகளை, கிட்டத்தட்ட அதே தொனியில், 2006இல் நானும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன்.

வெறும் வயிற்றில் போடாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதியதைப் போடாதீர்கள், குடித்துவிட்டுப் போடாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். அவ்வளவாகத் தெரியாமல் செய்யும் தவறுகளைத்தான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நான் வலி மாத்திரை என்று சொல்வது டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், நாப்ராக்சென், எட்டோரிகாக்ஸிப் போன்ற வீக்கம் குறைக்கும் வகையை. பாராசிட்டமால் இந்தக் கூட்டத்தில் சேராது. கேஸ் மாத்திரை என்றால் ஒமிப்ரசோல், பேன்டோபிரசோல், ராபிப்ரசோல், எசோமிப்ரசோல்.

வயிறு நன்றாக இருக்கிறது என்று கேஸ் மாத்திரையை விடுவது

2006 சிக்குன்குனியா வருஷம். சென்னையில் தெருவுக்கு நாலு பேர் மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். காய்ச்சல் விட்ட பிறகும் கணுக்காலும் மணிக்கட்டும் மாசக்கணக்கில் வலித்தன. நான் அப்போது பெரம்பூர்ப் பக்கம் ஒரு சின்னக் கடையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நாள் முழுக்க வலி மாத்திரைதான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஆட்டோ அண்ணன் வந்தார். ஐம்பது வயசு இருக்கும். டைக்ளோஃபெனாக் 50 இரண்டு வேளை, கூடவே ஒமிப்ரசோல் ஒரு வேளை, இரண்டு வாரத்துக்கு எழுதியிருந்தது. இரண்டு வாரமாக வண்டி ஓட்டாத மனிதர், கையில் பணம் குறைவு. "தம்பி, இந்தக் கலர் மாத்திரை இன்னாத்துக்கு?" என்று கேட்டார். கேஸுக்கு என்றேன். "எனக்குத்தான் கேஸே கிடையாதே" என்றார். சரி, வயிறு எரிந்தால் மட்டும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி வலி மாத்திரையை மட்டும் கவரில் போட்டேன். அவருக்கு உதவி செய்ததாகவே நினைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் அவர் ஆட்டோ ஸ்டாண்டில் மயங்கி விழுந்தார். மூன்று நாளாகவே மலம் கறுப்பாகப் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ரத்தப் பொரியல் சாப்பிட்டதால் என்று நினைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. எண்டோஸ்கோப்பியில் வயிற்றுப் புண், அதிலிருந்து ரத்தக்கசிவு. மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். அந்த மூன்று நாளும் அவருக்கு வயிறு ஒரு தடவைகூட எரியவில்லை.

அவருடைய மனைவி கடைக்கு வந்தார். திட்டவில்லை. "அந்தக் கலர் மாத்திரை எவ்வளவு தம்பி?" என்று மட்டும் கேட்டார். விலையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் நின்றார், போய்விட்டார்.

இத்தனை வருஷம் கழித்தும் யாராவது "வயிறு நல்லாத்தான் இருக்கு, அது வேண்டாம்" என்றால் எனக்குக் கோபம் வருகிறது. சொல்பவர்மேல் இல்லை. "கேஸ் மாத்திரை" என்று நாமே வைத்த பெயர்மேல். அந்தப் பெயரைக் கேட்டால் ஏப்பம், உப்புசம், நெஞ்செரிச்சல்தான் ஞாபகம் வரும். அது எதுவும் இல்லாதவர், இது எனக்கு எதற்கு என்று கேட்பது நியாயம்தானே? வலி மாத்திரையோடு சேர்த்து எழுதும்போது அந்த மாத்திரைக்கு அங்கே வேலையே வேறு.

நம் வயிற்றில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது வயிற்றின் சுவரையே அரிக்காமல் இருப்பதற்குக் காரணம், சுவரின்மேல் இருக்கும் வழவழப்பான சளிப் படலம். அந்தப் படலம் ஊறவும், சுவருக்கு ரத்த ஓட்டம் சீராகக் கிடைக்கவும் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் வேண்டும். மூட்டில் வலியையும் வீக்கத்தையும் தூண்டுவதும் புராஸ்டாகிளாண்டின்தான். ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் அதன் உற்பத்தியைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன என்று 1971இல் ஜான் வேன் காட்டினார். 1982இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மருந்துக்கு மூட்டு எது, வயிறு எது என்று தெரியாது. மூட்டில் வலி இறங்கும் அதே நேரத்தில் வயிற்றில் படலம் மெலிகிறது.

கேஸ் மாத்திரை அந்தப் படலத்தைத் திரும்பக் கட்டித் தராது. அமிலச் சுரப்பைக் குறைத்துவைக்கும். சுவர் பலவீனமாக இருக்கும் நாட்களில் அதன்மேல் படும் அமிலம் குறைவாக இருக்கட்டும் என்பதற்காகத்தான் டாக்டர் அதை எழுதுகிறார்.

அப்படியானால் புண் வந்தால் வலிக்காதா என்று கேட்பீர்கள். நீங்கள் தினமும் இரண்டு வேளை போடுவதே வலி மாத்திரை. முழங்கால் வலியை அமுக்குவது வயிற்று வலியையும் அமுக்கும். இந்த வகைப் புண் பலருக்கு ஒரு அறிகுறியும் காட்டாமலே இருந்து, ரத்தம் கசியும்போதுதான் முதன்முதலாக வெளியே தெரிகிறது. "எரிந்தால் வாங்கிக்கொள்கிறேன்" என்ற கணக்கு அதனால்தான் பொய்யாகிறது. எரியத் தொடங்கிய பிறகு போட்டாலும் அன்றைக்கே முழுப் பலன் வராது. அமிலம் நன்றாகக் குறைய இரண்டு மூன்று நாள் ஆகும்.

இருபத்தைந்து வயசுக்காரர் கால் சுளுக்குக்கு மூன்று நாள் போடுவதற்கு டாக்டர் கேஸ் மாத்திரை எழுதாமல் விடலாம், அது அவர் முடிவு. ஆனால் அறுபத்தைந்து வயசைத் தாண்டியவர்கள், முன்பு அல்சர் வந்தவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் என்றால் அந்த இரண்டாவது மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது. பணம்தான் சிக்கல் என்றால் அதைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஜெனரிக்கில் விலை நன்றாகக் குறையும். மக்கள் மருந்தகம் இருக்கிறது, 2025 பிப்ரவரியிலிருந்து முதல்வர் மருந்தகமும் இருக்கிறது. பதினைந்து நாளுக்குப் பணம் இல்லையா, இரண்டையும் சேர்த்து ஐந்து நாளுக்கு வாங்குங்கள். ஒன்றை மட்டும் பதினைந்து நாளுக்கு வாங்காதீர்கள்.

இப்போதெல்லாம் நான் கேஸ் மாத்திரை என்று சொல்வதையே விட்டுவிட்டேன். "இது அந்த வலி மாத்திரையோட ஜோடி, பிரிக்கக் கூடாது" என்று சொல்லித்தான் கொடுக்கிறேன்.

இரண்டையும் டிபனுக்குப் பிறகு ஒரே வாயில் போடுவது

இது நல்லவர்கள் செய்யும் தவறு. மருந்தை ஒழுங்காக வாங்குவார்கள், ஒரு நாள் விடாமல் போடுவார்கள், ஆனால் மறக்காமல் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுவிடுவார்கள்.

அமிலத்தை வெளியே தள்ளும் பம்புகள் வயிற்றுச் சுவரில் இருக்கின்றன. சாப்பாடு உள்ளே போகும்போதுதான் அவை பெருமளவில் வேலையைத் தொடங்கும். வேலை செய்துகொண்டிருக்கும் பம்பைத்தான் இந்த மாத்திரை பிடித்து நிறுத்தும். ஓய்ந்திருக்கும் பம்பை ஒன்றும் செய்யாது. மருந்து ரத்தத்தில் தங்குவதோ சில மணி நேரம்தான். அதனால் நீங்கள் முதல் இட்லியைப் பிட்டுப் போடும்போது மருந்து அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். எழுந்து பல் துலக்கியதும் தண்ணீரில் கேஸ் மாத்திரை. அரை மணி கழித்து டிபன். டிபனுக்குப் பிறகு வலி மாத்திரை. நாங்கள் கவரில் "சாப்பாட்டுக்கு முன்" என்று பேனாவால் எழுதித் தருவது இதற்காகத்தான்.

இரண்டும் ஒரே கேப்ஸ்யூலில் வருவதும் உண்டு. உங்களுக்கு அது எழுதப்பட்டிருந்தால் எப்போது போடுவது என்று சீட்டைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் கேஸ் மாத்திரையைத் தனியாகச் சேர்க்க வேண்டாம்.

உடைத்துப் பொடித்துக் கொடுப்பது

முழுங்க முடியாத பெரியவர்களுக்குச் செய்கிறார்கள். செய்யாதீர்கள். மேல்பூச்சு போய்விட்டால் கேஸ் மாத்திரையை வயிற்று அமிலமே கெடுத்துவிடும். வேறு வடிவம் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஊசி போட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது என்பது

ஆகும். ரத்தத்தில் கலந்து எல்லா இடத்துக்கும் போகிற மருந்துக்கு எந்த வாசல் வழியாக உள்ளே வந்தோம் என்பது முக்கியமில்லை.

ஜெலுசில் குடித்தால் போதும் என்பது

போதாது.

பெயர் வேறு, மருந்து வகை ஒன்று

டாக்டர் முதுகு வலிக்கு அசிக்ளோஃபெனாக் எழுதியிருப்பார். நடுவில் பல்வலி வரும். பல் டாக்டர் டைக்ளோஃபெனாக் எழுதுவார். இன்னொரு நாள் தலைவலிக்குப் பக்கத்துக் கடையில் காம்பிஃப்ளாம் வாங்கிப் போடுவார்கள், அதில் பாராசிட்டமாலோடு ஐபுபுரோஃபெனும் இருக்கிறது. பெயர் மூன்று, வேலை ஒன்றுதான். வலி கூடுதலாகக் குறையாது, வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்துதான் கூடும். இதில் எங்கள் தொழிலுக்கும் பங்கு இருக்கிறது. அட்டையிலிருந்து நாலு மாத்திரையை வெட்டிக் கொடுக்கும்போது பெயர் இருக்கும் பக்கம் கடையிலேயே தங்கிவிடுகிறது. பெயர் தெரியும் பக்கமாக வெட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் கவரில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்காமல் கேட்கலாம்.

இதய மாத்திரை என்று தினமும் போடும் எக்கோஸ்ப்ரின் 75இல் இருப்பது ஆஸ்பிரின். அதுவும் இதே குடும்பம்தான். நிறையப் பேர் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும் ஆபத்து பல மடங்கு கூடுகிறது. ஐபுபுரோஃபென் இன்னொரு தொல்லையும் செய்யும், ஆஸ்பிரின் இதயத்துக்குச் செய்கிற வேலையையே தடுத்துவிடக்கூடும். அதற்காக எக்கோஸ்ப்ரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிக்கு மருந்து எழுதும் டாக்டரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

கேஸ் மாத்திரை எல்லாவற்றையும் காப்பாற்றும் என்று நம்புவது

அது காப்பது வயிற்றையும் அதை ஒட்டிய சிறுகுடலின் தொடக்கத்தையும்தான். அதற்குக் கீழே உள்ள குடலை, இதயத்தை, சிறுநீரகத்தை அதனால் காப்பாற்ற முடியாது. வயிற்றுக்குக் கொஞ்சம் சாதுவானவை என்று பெயர் வாங்கிய காக்ஸிப் வகையில்தான் ரோஃபிகாக்ஸிப் வந்தது. மாரடைப்பு ஆபத்தினால் 2004இல் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

சிறுநீரகம் பற்றிச் சென்னைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரஷருக்கு எனலாபிரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற ஒன்று, அதோடு நீர் பிரிய ஒரு மாத்திரை, அதற்குமேல் வலி மாத்திரை. இந்த மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் திடீரென்று குறையலாம். கத்திரி வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குறைந்த உடம்பு என்றால், அல்லது வாந்தி பேதி என்றால் இன்னும் மோசம். பிரஷர் மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே வாங்கிக்கொள்கிறார்கள், வலி மாத்திரையை எங்களிடம் வாங்குகிறார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பவர் யாரும் இல்லை. எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். மாசக்கணக்கில் வலி மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை எப்போது பார்க்க வேண்டும் என்றும் கேளுங்கள்.

மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006இல்தான் இந்தியாவில் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனிதச் சிறுநீரகம் அவ்வளவு மெலிந்தது இல்லை. ஆனாலும் கடையில் அந்த அட்டையைக் கையில் எடுக்கும்போது எனக்கு அந்தக் கழுகுகள் ஞாபகத்துக்கு வரும்.

மழைக்காலக் காய்ச்சலில் உடம்பு வலிக்குப் போடுவது

கூடாது. டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும்.

வலி மாத்திரை முடிந்த பிறகும் கேஸ் மாத்திரையைத் தொடர்வது

முதல் தவறுக்கு நேர் எதிர்த் திசை. முழங்கால் சரியாகி மூன்று வருஷம் ஆன பிறகும் பழக்கத்தில் வாங்கிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். வருஷக்கணக்கில் போனால் பி12, மெக்னீசியம் குறையலாம். நிறுத்திய சில நாள் அமிலம் கொஞ்சம் கூடுதலாகச் சுரந்து எரியும், உடனே பயந்து மறுபடி தொடங்கிவிடுவார்கள். எப்போது நிறுத்துவது, எப்படிக் குறைப்பது என்று எழுதிக்கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள்.

கறுப்பு மலத்தைப் பொருட்படுத்தாமல் இருப்பது

இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ரத்தப் பொரியலாலும் கறுக்கும். ஆனால் தார் போலப் பளபளப்பாக, ஒட்டும்படியாக, வழக்கமில்லாத கெட்ட நாற்றத்தோடு போனால் அது உள்ளே கசிந்த ரத்தமாக இருக்கலாம். காபித் தூள் போல வாந்தி வருவதும், எழுந்து நின்றால் கண் இருட்டுவதும், வெளிறிப்போவதும், படிக்கட்டில் மூச்சு வாங்குவதும் அதே சேதியைத்தான் சொல்கின்றன. அப்போது எங்கள் கடைக்கு வர வேண்டாம். அடுத்த வேளை வலி மாத்திரையைப் போடாமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தலை சுற்றினால் 108ஐக் கூப்பிடுங்கள். போகும்போது வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.