மாணவிகளுக்கு அறிவியல் வழிகாட்டச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பிறந்து படித்து, இன்று ஓசூரிலும் பெங்களூருவிலும் பொறியாளர்களாகவும் ஆய்வகப் பணியாளர்களாகவும் இருக்கும் பலர், தாம் படித்த அரசுப் பள்ளிக்குத் திரும்பிச் சென்று மாணவிகளுக்கு வழிகாட்ட விரும்புகிறார்கள். நல்ல விருப்பம்தான். ஆனால் இப்பகுதியில் ஒரு மாணவி அறிவியலை விட்டு விலகும்போது, ஆர்வக் குறைவைவிடப் பேருந்து வசதி, பள்ளியில் இருக்கும் குரூப், விடுதிக் கட்டணம், வீட்டில் எழும் கல்யாணப் பேச்சு ஆகியவற்றுள் ஒன்றே பெரும்பாலும் காரணமாக நிற்கிறது. இவற்றைக் கணக்கில் கொள்ளாமல் ஊக்க உரையை மட்டும் எடுத்துச் செல்வதிலிருந்தே பல தவறுகள் தொடங்குகின்றன.

முதலாவது, ஒருநாள் விழா. பொன்னாடை, சான்றிதழ், குழுப் புகைப்படம், மதிய உணவு என எல்லாம் முடிந்து வந்தவர்கள் வண்டியேறிய பிறகு, கேட்க நினைத்த கேள்வியோடு நிற்கும் மாணவிக்கு யாரிடம் கேட்பது என்று தெரிவதில்லை. அதைவிடக் கெட்டது, தொடர்ந்து வருவதாகச் சொல்லி இரண்டு மாதத்தில் நின்றுவிடுவது. அமெரிக்காவில் கிராஸ்மன், ரோட்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு, ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த வழிகாட்டல் உறவே அதிகப் பயன் தந்ததையும், சில மாதங்களுக்குள் அறுந்துபோன உறவு பிள்ளைகளின் தன்மதிப்பைக் குறைத்ததையும் காட்டியது. ஆகவே ஜூன் மாதம் தொடங்கி அந்தக் கல்வியாண்டு முடியும்வரை மாதம் இருமுறை வர இயலுமா என்பதை முதலில் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். இயலாது என்றால், ஒரு நாள் மட்டுமே வருகிறோம் என்பதை மாணவிகளிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது, காலம் தவறிச் செல்வது. வழிகாட்டிகள் பெரும்பாலும் பிளஸ் டூ மாணவிகளைத் தேடிச் செல்கிறார்கள். அதற்குள் பாதி முடிவுகள் முடிந்துவிட்டன. பத்தாம் வகுப்பு முடிவு வந்த சில நாள்களுக்குள் குரூப் தேர்வாகிவிடுகிறது. அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளியில் கணிதம்–உயிரியல் இல்லையென்றால், இருப்பதை எடுத்துக்கொள் என்றே வீட்டில் சொல்வார்கள். அஞ்செட்டி, சித்தேரி போன்ற மலையூர்களில் அடுத்த பள்ளி என்பது கடைசிப் பேருந்தின் நேரத்தைப் பொறுத்த விஷயம். எனவே எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே பேச்சைத் தொடங்க வேண்டும். எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வில் தேர்வானால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். படிப்பால் வீட்டுக்குப் பணம் வருகிறது என்பது, மாணவியின் படிப்பைப் பற்றி வீட்டில் பேசும் தொனியையே மாற்றக்கூடியது.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, நல்ல மதிப்பெண் எடுக்கும் மாணவியைப் பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாற்றச் சொல்வது. மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும், உயர்கல்வி படிக்கும் மாணவிகளுக்காக 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பதையே அடிப்படையாகக் கொண்டவை. கட்டணச் சலுகை தருகிறார்கள் என்று ஈராண்டுக்கு வெளியே அனுப்பி, பின்னர் இரண்டையும் இழந்து நிற்பவர்களுக்கு யார் பதில் சொல்வது? விதிகளைப் படித்துவிட்டு ஆலோசனை சொல்லலாம்.

முன்மாதிரிகளைச் சொல்வதில் நாம் இன்னும் கல்பனா சாவ்லாவைத் தாண்டவில்லை. செங்கோட்டையில் படித்து, சூரியனை ஆராயும் ஆதித்யா எல்1 திட்டத்தை வழிநடத்திய நிகர் ஷாஜியையும், அரியலூரிலிருந்து சென்று ரிசாட்-1 ரேடார் செயற்கைக்கோள் திட்டத்தின் இயக்குநரான வளர்மதியையும் சொல்வது ஓரளவு நெருக்கம் தரும். ஆனாலும் பாலக்கோட்டு ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு இஸ்ரோ தொலைவுதான். பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியிலோ தர்மபுரி செட்டிக்கரைக் கல்லூரியிலோ இரண்டாம் ஆண்டு படிக்கும், அதே பள்ளியின் பழைய மாணவி அவளுக்குப் பார்க்கக்கூடிய தொலைவில் இருக்கிறாள். 2017இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் 150 பொறியியல் மாணவிகளை வைத்து நடந்த ஆய்வில், மூத்த மாணவி ஒருவரை வழிகாட்டியாகப் பெற்றவர்களுள் எவரும் முதலாண்டில் பொறியியலைக் கைவிடவில்லை. அந்த அக்காவை அழைத்து வந்து, அரியர் வைத்த பாடத்தைப் பற்றியும் பேசச் சொல்லுங்கள்.

எல்லாவற்றிலும் அதிகம் கவனிக்கப்படாத தவறு செய்முறை வகுப்பில் நடக்கிறது. மாணவரும் மாணவியரும் சேர்ந்த குழுவில் ஸ்குரூடிரைவர், வயர், மல்டிமீட்டர் ஆகியவை சற்று நேரத்தில் பையன்கள் கைக்குப் போய்விடும்; மாணவிகள் அளவீடுகளை ரெக்கார்டு நோட்டில் எழுதுவதிலும், சார்ட்டில் தலைப்புக்கு வண்ணம் தீட்டுவதிலும் அமர்ந்திருப்பார்கள். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று நாமும் பாராட்டிவிட்டு வருவோம். கருவி யார் கையில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதைப் பார்ப்பதுதான் வழிகாட்டியின் வேலை. தேவையானால் மாணவிகளுக்கென்று தனிக் குழு அமைப்பதில் தவறில்லை.

இப்பகுதிக்குப் பொருத்தமான ஒரு செய்முறை, குடிநீரில் ஃபுளோரைடு அளவைப் பார்ப்பது. பாறையிலுள்ள கனிமங்களிலிருந்து கரைந்து வரும் ஃபுளோரைடு தர்மபுரியின் நிலத்தடி நீரில் நெடுங்காலமாக இருக்கும் சிக்கல். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காகத்தான் வந்தது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது அளவு. சோதனைப் பெட்டியிலுள்ள சிர்கோனியம் சேர்ந்த சிவப்பு வினைபொருளை நீரில் விட்டால், ஃபுளோரைடு சிர்கோனியத்தைத் தன்பால் இழுத்துக்கொள்ள, நிறம் மஞ்சளை நோக்கி நகரும். அந்த நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். இங்கேதான் தகராறு வரும். ஒருத்தி 1 என்பாள், பக்கத்தில் நிற்பவள் 1.5 என்பாள். உடனே குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நாமே விடையைச் சொல்லிவிட்டால் அன்றைய பாடம் அதோடு முடிந்தது. அதே நீரை மீண்டும் சோதிக்கவும், காய்ச்சி வடித்த நீரையும் அளவு தெரிந்த கரைசலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் சொல்லி, நாம் பின்னால் கைகட்டி நிற்க வேண்டும். (வினைபொருளில் அமிலம் இருப்பதால் கையுறை கட்டாயம்.) இந்தச் செய்முறையில் ஒருபோதும் செய்யக்கூடாத ஒன்று, ஃபுளோரைடால் பற்களில் கறை ஏற்பட்ட மாணவியை எடுத்துக்காட்டாக நிறுத்துவது. சிறுவயதில் பற்கள் உருவாகும்போதே ஏற்பட்ட அந்தக் கறைக்காகவே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் பிள்ளைகள் இங்கே உண்டு.

வீட்டை ஒதுக்கிவிட்டு மாணவியிடம் மட்டும் பேசுவதும் நீடிக்காது. அப்பா பெங்களூருவில் கட்டட வேலையில் இருப்பார். அம்மாவும் பாட்டியும்தான் முடிவெடுப்பார்கள். அவர்களிடம் பெண்ணுரிமை பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவதைவிட, கல்லூரி விடுதிக்கு எவ்வளவு ஆகும், வார்டன் யார், ஊருக்கு எத்தனை மணிக்குப் பேருந்து என்பதைச் சொல்வது பயன் தரும். ஆண் வழிகாட்டிகள் மாணவியின் வீட்டுக் கைப்பேசிக்கு இரவில் செய்தி அனுப்புவது கூடவே கூடாது. எண்ணம் நல்லதாக இருந்தாலும் மறுவாரம் அவள் பள்ளிக்கு வராமல் போகலாம். பதினெட்டு வயதுக்குமுன் கல்யாண ஏற்பாடு நடப்பது தெரிந்தால், நேரே போய்ப் பஞ்சாயத்து பேசாமல், தலைமையாசிரியருக்கும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். அவள்தான் சொன்னாள் என்பது எவருக்கும் தெரியக்கூடாது.

கடைசியாக, ஓசூர்ப் பக்கம் பெருகிவிட்ட தொழிற்சாலைச் சுற்றுலா. பிளஸ் டூ முடித்த பெண்களுக்குப் பேருந்தும் விடுதியும் தந்து வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் வந்திருப்பது நல்லதே; அந்தச் சம்பளத்தை இழிவாகப் பேச நமக்கு உரிமை இல்லை. ஆனால் அசெம்பிளி லைனை மட்டும் காட்டிவிட்டு இதுதான் தொழில்நுட்பம் என்று திரும்பக்கூடாது. பராமரிப்புப் பிரிவு, தரச் சோதனைக் கூடம், வடிவமைப்புப் பிரிவு ஆகியவற்றுக்கும் அழைத்துச் சென்று, அங்கே பணிபுரியும் பெண்கள் என்ன படித்தார்கள் என்று மாணவிகளையே கேட்க வைக்க வேண்டும். டிப்ளமோ முடித்தால் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம் என்பது அங்கேயே சொல்ல வேண்டிய செய்தி. குடும்பச் சூழ்நிலையால் வேலைக்கே போய்விடும் மாணவியை நம் பட்டியலிலிருந்து அடித்துவிடாமல், அடுத்த ஆண்டு சேர்க்கை அறிவிப்பு வரும்போது அவளுக்கும் ஒரு முறை அழைத்துச் சொல்ல வேண்டும்.