22 நிமிட நையாண்டி டாக் ஷோ: சிரிப்பிலிருந்து பேட்டிக்குப் போவது எப்படி?

அமெரிக்காவின் காமெடி சென்ட்ரல் சேனலில் 1996 ஜூலையில் தொடங்கியது 'தி டெய்லி ஷோ'. 1999 ஜனவரியில் ஜான் ஸ்டூவர்ட் தொகுப்பாளரான பிறகுதான் அது அரசியல் நையாண்டிக்குப் பேர்போன நிகழ்ச்சியாக மாறியது. அரை மணி நேரத்தில் விளம்பரம் போக மிஞ்சுவது சுமார் 22 நிமிடம். முதலில் செய்தி நையாண்டி, நடுவில் 'நிருபர்' (நிருபர்போல நடிக்கும் நகைச்சுவையாளர்), கடைசியில் விருந்தினர் பேட்டி. முதல்முறை இணையத்தில் இப்படியொன்று செய்பவர்கள் இந்த வரிசையையே வைத்துக்கொள்ளலாம். செய்திக்கு 9 நிமிடம், நிருபருக்கு 5, பேட்டிக்கு 7, விடைபெற 1. ஆள் போதவில்லை என்றால் நிருபரை விட்டுவிடுங்கள், பேட்டியை மட்டும் விடாதீர்கள்.

படி 1: முதலில் கிளிப், பிறகுதான் ஜோக்

ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி ஒருவர் இன்று சொன்னதையும் முன்பு சொன்னதையும் தேடி எடுங்கள். 9 நிமிடத்துக்கு 6 கிளிப் தாராளம். ஒவ்வொன்றும் 8 முதல் 15 நொடிக்குள் இருக்கட்டும். நீண்டால் முந்தைய கிளிப் பார்ப்பவருக்கு மறந்துபோகும். ஒரு தாளில் கிளிப் எண், தேதி, சேனல், வெட்டிய இடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள முழு வாக்கியம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். முன்வாக்கியத்தை வெட்டியதால் பொருள் மாறிய ஒரே ஒரு கிளிப் போதும், மற்ற ஐந்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.

படி 2: எழுத்து

கிளிப்புக்கும் சிரிப்புக்கும் இரண்டு நிமிடத்துக்கு மேல் போய்விடும். ஆகவே தொகுப்பாளர் பேச 700 சொல்லுக்கு மேல் எழுத வேண்டாம். ஓர் உதாரணம்: அமைச்சர் ஒருவர் இன்று "சாலையில் என்றைக்குமே ஒரு குழிகூட இருந்ததில்லை" என்கிறார். மூன்று மாதத்துக்கு முந்தைய கிளிப்பில் அவரே "குழிகளை மூட நிதி ஒதுக்கிவிட்டோம்" என்கிறார். கிளிப் முடிந்த கையோடு பேசாமல், ஒன்றரை நொடி கேமராவைப் பாருங்கள். சிரிப்பு கிளம்புவது அந்த இடைவெளியில்தான். அவசரப்பட்டால் உங்கள் முதல் மூன்று சொற்கள் சிரிப்பில் அமுங்கிப்போகும். பிறகு சொல்லுங்கள்: "இல்லாத குழியை மூட இருக்கிற பணம் போயிருக்கிறது."

இந்த ஜோக்கை எடுத்துவிட்டாலும் அந்த இரண்டு கிளிப்பும் செய்தியாக நிற்கும். ஒவ்வொரு ஜோக்கையும் இப்படி எடுத்துப் பாருங்கள். அடியில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் வெட்டிவிடுங்கள். ஒருவரின் உடலையோ சாதியையோ பேச்சு வழக்கையோ வைத்து எழுதிய ஜோக் இந்தச் சோதனையில் தேறவே தேறாது.

படி 3: நிருபர்

ஸ்டுடியோவில் பச்சைத் திரைக்கு (பின்னணியில் வேறு படத்தைச் சேர்ப்பதற்கான பச்சைத் துணி) முன் நின்றுகொண்டே எங்கோ தூரத்து ஊரில் இருப்பதாகப் பேசுவது டெய்லி ஷோவின் பழைய உத்தி. துணியில் சுருக்கம் இருக்கக் கூடாது, அதற்குத் தனி விளக்கு வேண்டும். ஆள் துணியிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி நிற்கட்டும். ஒட்டி நின்றால் தலைமுடி ஓரத்தில் பச்சை படியும்.

படி 4: பேட்டிக்கு மாறும் இடம்

பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். டிவியில் விளம்பர இடைவேளை அரங்கின் சூட்டைத் தணித்துவிடும். இணையத்தில் அந்த இடைவேளையை நாம்தான் உண்டாக்க வேண்டும். ஐந்து நொடி இசை போட்டு, கேமரா கோணத்தை மாற்றி, கையிலிருக்கும் ஸ்கிரிப்டைக் கீழே வைத்துவிடுங்கள். விருந்தினரை இரண்டே வாக்கியத்தில், ஜோக் இல்லாமல் அறிமுகப்படுத்துங்கள்.

டெய்லி ஷோவில் நிருபராக இருந்த ஸ்டீபன் கோல்பேர், 2005 முதல் 2014 வரை நடத்திய 'தி கோல்பேர் ரிப்போர்ட்' நிகழ்ச்சியில் எதுவும் தெரியாத, பிடிவாதக்கார வேடத்தில் பேசினார். அது வேடம்தான், என்னைத் திருத்துங்கள் என்று விருந்தினரிடம் மேடைக்குப் பின்னால் முன்கூட்டியே சொல்லிவிட்டிருந்தார். நீங்களும் பத்து நிமிடம் முன்பே போய் உட்கார்ந்து, எதைப் பற்றிக் கேட்கப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். கேள்வியின் வாசகத்தை மட்டும் சொல்ல வேண்டாம், மனப்பாடப் பதில்தான் வரும்.

ஏழு நிமிடத்துக்கு ஐந்து கேள்வி போதும். இரண்டு கேள்வியை ஒன்றாகக் கேட்டால் சுலபமானதற்கு மட்டும் பதில் வரும். கடினமான கேள்வியைக் கடைசிக்குத் தள்ளாமல் இரண்டாவதாகக் கேளுங்கள். 2009 மார்ச் 12 அன்று பங்குச்சந்தை நிபுணர் ஜிம் க்ரேமரைப் பேட்டி கண்டபோது, அவர் 2006இல் பேசிய வீடியோவை ஸ்டூவர்ட் ஒவ்வொரு கிளிப்பாக எண் சொல்லி ஓடவிட்டார். குரலை உயர்த்துவதைவிட அது வலுவான கேள்வி. படி 1இல் எழுதிய எண்கள் இங்கே கைகொடுக்கும்.

பாதிக்கப்பட்டவர் விருந்தினராக வந்தால் நகைச்சுவையை அவர் கையில் விட்டுவிடுங்கள். 2010 டிசம்பர் 16 அன்று, 9/11 மீட்புப் பணியால் நோயுற்ற நான்கு பேரை உட்காரவைத்து, அவர்களுக்கான மருத்துவ மசோதா செனட்டில் முடங்கிக் கிடப்பதைப் பற்றி ஸ்டூவர்ட் கேட்டார். பேசியவர்கள் அவர்கள்தான். ஆறு நாளில் மசோதா நிறைவேறியது.

படி 5: ஒலி, கேமரா

மூன்று போன் போதும்: தொகுப்பாளருக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, இருவரையும் சேர்த்துக் காட்ட ஒன்று. மூன்றும் ஓடத் தொடங்கியதும் ஒருமுறை கை தட்டுங்கள், எடிட்டில் ஒலியைப் பொருத்த அது உதவும். காலர் மைக் முகவாய்க்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். பார்வையாளர்களுக்குத் தனி மைக் வைத்து, பேட்டியின்போது அதன் ஒலியைக் குறைத்துவிடுங்கள். விருந்தினருக்குச் சுழல் நாற்காலி வேண்டாம். கடினமான கேள்வி வந்ததும் ஆட ஆரம்பிப்பார், கண் அதிலேயே போகும்.

கடைசி நிமிடத்துக்கு அன்றைய செய்திகளிலிருந்து 20 நொடி கிளிப் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். டெய்லி ஷோ தன் ஒவ்வொரு இரவையும் அப்படித்தான் முடிக்கும். அதன்மேல் குரலும் வேண்டாம், இசையும் வேண்டாம்.