புதிய ஒட்டுண்ணிக் குளவியை விவரிக்கும்போது எங்கெல்லாம் சறுக்குகிறோம்

மற்றப் பூச்சிகளின் உடலிலோ முட்டையிலோ வளரும் ஒட்டுண்ணிக் குளவிகளில் புதிய சிற்றினம் கிடைப்பது பெரிய அதிசயம் இல்லை. இன்னும் பெயர் வைக்காதவை குவிந்து கிடக்கின்றன. கிடைத்ததை இன்னொருவர் படித்துவிட்டுத் தன் பூச்சியோடு ஒப்பிட்டு "ஆமாம், அதேதான்" என்றோ "இல்லை, வேறு" என்றோ சொல்லும்படி எழுதுவதுதான் சிரமம். இதில் வரும் தவறுகளில் பெரும்பாலானவைக்கு மூலம் ஒன்றுதான்: சிற்றினத்தை விவரிப்பதாக நினைத்துக்கொண்டு, ஊசியில் குத்தி வைத்திருக்கும் அந்த ஒரே ஒரு பூச்சியை விவரித்துவிடுகிறோம்.

ஒரே ஒரு மாதிரியை வைத்து எழுதக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் இந்தக் குளவிகளின் உடம்பு எவ்வளவு மாறும் என்று தெரிந்தால் கை கொஞ்சம் தயங்கும். டிரைக்கோகிராம்மா செம்பிளிடிஸ் என்ற முட்டை ஒட்டுண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்துப்பூச்சி முட்டையில் வளர்ந்த ஆணுக்கு இறக்கை இருக்கும், சியாலிஸ் என்ற நீரோரப் பூச்சியின் முட்டையில் வளர்ந்த ஆணுக்கு இருக்காது. பூச்சியியலாளர் ஜார்ஜ் சால்ட் இதை 1937-லேயே எழுதிவிட்டார். இரண்டையும் தனித்தனியாகப் பிடித்த ஒருவர் இரண்டு சிற்றினம் என்று சத்தியம் செய்திருப்பார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. இறக்கைக்கே இந்தக் கதி என்றால் நிறமும் அளவும் எம்மாத்திரம்? குளிரில் வளர்ந்த கூட்டுப்புழுவிலிருந்து கருத்த குளவி வரலாம், சின்ன ஓம்புயிரில், அதாவது குளவி எதைத் தின்று வளர்கிறதோ அந்தப் பூச்சியில், வளர்ந்தது குட்டையாக வரும். அதனால் "நிறத்தில் வேறுபடுகிறது" என்பதை மட்டும் நம்பிப் புதிய பெயர் வைக்காதீர்கள். கிடைத்த அத்தனை மாதிரிகளையும் அளந்து, குறைந்த அளவு இவ்வளவு, கூடிய அளவு இவ்வளவு என்று இரண்டையும் எழுதுங்கள்.

அப்புறம், பூச்சியிடம் இல்லாததையும் நாமே உண்டாக்கிவிடுகிறோம். சாராயத்திலிருந்து எடுத்து அப்படியே காயவிட்டால் கால்சிடு என்ற சின்னக் குளவிகளின் கண்ணும் முகமும் உள்வாங்கிவிடும், உணர்கொம்பு சப்பிப்போகும். அந்தச் சுருக்கத்தைப் பார்த்து "முகத்தில் ஆழமான பள்ளம்" என்று எழுதினால், அது சிற்றினத்தின் பண்பு இல்லை, உங்கள் சோம்பலின் பண்பு. எச்எம்டிஎஸ் என்ற வேதிப்பொருளில் நனைத்தோ, உய்யநிலை உலர்த்தல் (உடல் சுருங்காமல் திரவத்தை நீக்கும் முறை) செய்தோ காயவையுங்கள். மஞ்சள் நிறம் சாராயத்தில் நாளாக ஆக வெளுக்கும் என்பதால் நிறத்தைச் சீக்கிரம் குறித்துக்கொள்வது நல்லது. அட்டையில் ஒட்டும்போது பசை மார்பின் பக்கவாட்டை மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பார்க்க வேண்டிய வரிகளும் பள்ளங்களும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன.

ஆண், பெண் இரண்டில் எதை ஹோலோடைப்பாக, அதாவது பெயருக்கு ஆதாரமாக நிற்கும் ஒரே மாதிரியாக, வைப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். நிறைய குடும்பங்களில் அடையாளச் சாவிகள் (பண்புகளைப் படிப்படியாகப் பார்த்து இனம் காணும் பட்டியல்கள்) பெண்ணை வைத்தே எழுதப்பட்டிருப்பதால் பெண்ணே வசதி. டிரைக்கோகிராம்மாவில் கதை தலைகீழ். ஆணின் இனப்பெருக்க உறுப்புதான் நம்பகமான பண்பு என்று ஆய்வாளர்கள் சுதா நாகர்கட்டியும் நாகராஜாவும் 1971-இல் காட்டினார்கள். அங்கே பெண்ணை மட்டும் வைத்து எழுதிய பழைய விவரணைகள் இன்றும் தலைவலி.

விவரணை நீளமாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. இரண்டு பக்கத்துக்கு ஒவ்வொரு கணுவையும் வர்ணித்துவிட்டு, நெருங்கிய சிற்றினத்திலிருந்து எதில் வேறுபடுகிறது என்று ஒரு வரி இல்லாத கட்டுரைகளைப் பார்த்தால் எரிச்சலாக வரும். "முட்டையிடும் குழல் நீளமானது" என்றால் எதைவிட? பின்னங்காலின் டிபியா என்ற கணுவைப் போல் ஒன்றரை மடங்கா, இரண்டு மடங்கா? அப்படி எழுதினால்தான் அடுத்தவர் அளந்து பார்க்க முடியும். ஒப்பிடுவதையும் பழைய விவரணையோடு மட்டும் நிறுத்தக் கூடாது. ஏ. ஏ. ஜிரால்ட் போன்ற பழைய வகைப்பாட்டாளர்கள் ஆயிரக்கணக்கான சிற்றினங்களுக்குப் பெயர் வைத்தார்கள், பல விவரணைகள் சில வரிகளோடு முடிந்துவிடும். அதைப் படித்து "நம்முடையது வேறு" என்று முடிவு செய்வது குருட்டாம்போக்கு. அருங்காட்சியகத்தில் இருக்கும் மூல மாதிரியைப் பாருங்கள், முடியாவிட்டால் நல்ல படமாவது கேட்டு வாங்குங்கள்.

டிஎன்ஏ பார்கோடு (சிற்றினத்தை அடையாளம் காணப் படிக்கும் ஒரு சின்ன டிஎன்ஏ துண்டு) இருந்தால் இதெல்லாம் தேவையில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. அது உதவும்தான். கோஸ்டாரிகாவில் அபான்டெலிஸ் லியூகோஸ்டிக்மஸ் என்று ஒரே பெயரில் இருந்த குளவிக்குள் 36 சிற்றினங்கள் வரை ஒளிந்திருக்கலாம் என்று 2008-இல் காட்டியதில் பார்கோடுக்குப் பெரிய பங்கு, ஆனால் ஒவ்வொன்றும் எந்தப் புழுவில் வளர்ந்தது என்ற பதிவும் அதோடு சேர்ந்தே வந்தது. அதே நாட்டிலிருந்து 2021-இல் பிராகோனிடு என்ற குளவிக் குடும்பத்தின் 403 சிற்றினங்களை, பெரும்பாலும் பார்கோடையும் ஒரு படத்தையும் மட்டும் வைத்து விவரித்தபோது வகைப்பாட்டாளர்களிடையே பெரிய சண்டையே நடந்தது. என் ஓட்டு எதிர்த்தவர்களுக்குத்தான். பார்கோடாகப் படிக்கும் சிஓஐ என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் 658 எழுத்துகள் உதவிக்கு வரலாம், தீர்ப்பு சொல்ல முடியாது. வோல்பாக்கியா பாக்டீரியா தொற்றினால் மைட்டோகாண்ட்ரியா வரிசை சிற்றினத்தின் உண்மையான உறவைக் காட்டாமல் போகலாம், சில சமயம் ஓம்புயிரின் டிஎன்ஏ உள்ளே புகுந்துவிடும்.

ஓம்புயிர்ப் பதிவில் நடக்கும் தவறு இன்னும் மோசம், ஏனென்றால் ஒருமுறை அச்சில் ஏறினால் பட்டியலுக்குப் பட்டியல் தாவிக்கொண்டே இருக்கும். இலையோடு புழுவை டப்பாவில் போட்டு, வெளியே வந்த குளவியை அந்தப் புழுவின் கணக்கில் எழுதிவிடுகிறோம். இலைக்குள் வேறொரு பூச்சி இருந்திருக்கலாம். இல்லை, வந்ததே ஒட்டுண்ணியின் ஒட்டுண்ணியாக இருக்கலாம்: முட்டைக்கோஸ் வெள்ளைப் பட்டாம்பூச்சியின் புழுவில் வளரும் கோடீசியா குளோமெரேட்டாவின் கூடுகளிலிருந்து, அதையே தின்று வளர்ந்த லைசிபியா நானா வரும், ஓம்புயிர் என்று அந்தப் பட்டாம்பூச்சியை எழுதினால் கதை கந்தல். ஒரு குழாயில் ஒரு புழு, அதன் தோலையும் கூட்டையும் குளவியோடு சேர்த்தே வையுங்கள்.

பெயர் விஷயத்தில் இலக்கணம் கவனிக்க வேண்டும். பெயரடையாக வரும் சிற்றினப் பெயர் பேரினத்தின் பாலுக்கு ஒத்துப்போக வேண்டும், அபான்டெலிஸ் குளோமெரேட்டஸ் கோடீசியாவுக்கு மாறியபோது குளோமெரேட்டா ஆனது அதனால்தான். 1999-க்குப் பிறகு வெளியாகும் பெயருக்கு ஹோலோடைப் எது, எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்று கட்டுரையிலேயே எழுதியாக வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளியிட்டால் ஜூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் செய்த பதிவும் அதில் தெரிய வேண்டும், 2012-லிருந்து அதுதான் விதி. கட்டுரை வருவதற்கு முன்பே புதுப் பெயரைக் கருத்தரங்கச் சுருக்கத்தில் போட்டு ஊருக்குச் சொல்லிவிடாதீர்கள். விவரணை இல்லாத அந்தப் பெயருக்கு எந்த அந்தஸ்தும் கிடையாது, அதைப் பார்த்து வேறு யாராவது எடுத்து எழுத ஆரம்பித்தால் குழப்பம்தான் மிஞ்சும். அதுவரை உங்கள் மாதிரி எண்ணையே பயன்படுத்துங்கள்.